பயன்வழிக் கொள்கையும் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கல்வியும்

இலண்டன் மாநகரின் வடபுறத்தே நியூயிங்டன் கிரீன் என்னும் பகுதியில், 1810ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஒரு தந்தையும் அவர்தம் மகனும் ஒரே மேசையில் அமர்ந்து நாள்தோறும் வேலை செய்து வந்தனர். தந்தை இந்திய நாட்டு வரலாறு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். மகன் கிரேக்க மொழி நூல்களைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் கிரேக்கம் கற்கத் தொடங்கியது மூன்றாம் வயதில். அக்காலத்துக் கிரேக்க அகராதிகள் இலத்தீன் மொழியிலேயே பொருள் கூறின. சிறுவனுக்கோ இலத்தீன் தெரியாது. எனவே பொருள் விளங்காத ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் தந்தையைத்தான் கேட்டாக வேண்டும். பொறுமைக்குப் பேர்பெற்றவர் அல்லர் அத்தந்தை. எனினும் ஒவ்வொரு முறையும் எழுதுகோலை நிறுத்தி விடை கூறினார். இத்தனை இடையூறுகளுக்கு நடுவே எழுதப்பெற்ற அவ்வரலாறு 1817இல் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதை எழுதியவர் இந்தியாவுக்கு ஒருநாளும் சென்றதில்லை; இந்திய மொழி ஒன்றையேனும் கற்றதுமில்லை. அச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

தந்தையின் பெயர் ஜேம்ஸ் மில். ஸ்காட்லாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்து, கல்வி ஒன்றாலேயே உயர்ந்தவர். 1806இல் பிறந்த மூத்த மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். காலை உணவுக்கு முன் இருவரும் நடந்து செல்வர். முதல்நாள் படித்தவற்றைச் சிறு தாள்களில் குறித்து வைத்திருந்த சிறுவன், நடந்தவாறே அவற்றைத் தந்தைக்கு எடுத்துச் சொல்வான். எட்டாம் வயதில் இலத்தீன். அதைத் தான் கற்றதோடு தம்பி தங்கையர்க்குக் கற்பிப்பதும் அவன் கடமை. பன்னிரண்டில் அளவை நூல், பதின்மூன்றில் பொருளாதாரம். விடுமுறை இல்லை. ஒத்த வயதுத் தோழர்களும் இல்லை. தான் பிற சிறுவரினும் மிகுதியாகக் கற்றிருப்பதைக்கூட, பிரான்சு நாட்டுக்குப் புறப்படவிருந்த பதினான்காம் வயதில், ஹைட் பார்க் பூங்காவில் தந்தை கூறித்தான் அவன் அறிந்தான். அதற்காகச் செருக்குக் கொள்ள வேண்டியதில்லை என்றும், அஃது அவன் திறமையன்று, கற்பித்தவரின் உழைப்பு என்றும் தந்தை அப்போதே சொல்லிவைத்தார்.

இக்கல்வி ஒரு தந்தையின் தனி விருப்பத்தால் மட்டும் அமைந்ததன்று. ஒரு கொள்கைக்கு வாரிசு ஒருவனை ஆக்கித் தருவதே அதன் நோக்கம். ஆங்கிலத்தில் யூட்டிலிட்டேரியனிசம் எனப்படும் அதனைத் தமிழில் பயன்வழிக் கொள்கை எனலாம்.

பெந்தம் வகுத்த கணக்கு

பயன் என்ற சொல்லைக் கேட்டவுடன், அவரவர் தம் நலம் பார்ப்பதுதானே என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் பிழை. ஒரு செயலால் தாக்கம் பெறுவோர் அனைவருடைய இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிப் பார்த்து, இன்பம் மிகுமாயின் நன்று என்றும், துன்பம் மிகுமாயின் தீது என்றும் துணிவதே பயன்வழிக் கொள்கை. அக்கூட்டலில் செய்பவனுடைய இன்பம் ஊரார் பெயர் தெரியாத ஏழை ஒருவனுடைய இன்பத்தைவிட ஓர் அணுவும் மிகுதியாக எண்ணப்படாது. மன்னனும் ஒன்று, மாட்டுக்காரனும் ஒன்று. குடிப்பிறப்பும் சமயமும் செல்வமும் ஆண்ட 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இஃது எத்துணைத் துணிவான பேச்சு என்பதை இன்று உணர்வது எளிதன்று.

மிகப் பலருக்கு மிகப் பெரும் இன்பம் என்ற கருத்தை 1725இலேயே பிரான்சிஸ் ஹட்ச்சிசன் என்னும் அறிஞர் கூறிவிட்டார். இத்தாலியரான பெக்காரியா 1764இல் வெளியிட்ட குற்றமும் தண்டனையும் பற்றிய நூலில் அதனைச் சட்டத்துக்குப் பொருத்தினார். வில்லியம் பேலி என்னும் பாதிரியார் 1785இல் அதனையே இறைவன் திருவுள்ளமாகக் காட்டினார். ஆயினும் அதனை ஒரு கருவியாக்கி அரசாங்கத்தின் முன் நீட்டியவர் ஜெரிமி பெந்தம். 1748இல் பிறந்த அவர் பன்னிரண்டாம் வயதில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் புகுந்து, வழக்கறிஞர் தகுதி பெற்று, வழக்காடாமலே வாழ்நாளைக் கழித்தவர். சட்டத்தைக் கொண்டு வாழ அவர் விரும்பவில்லை. சட்டத்தைத் திருத்தவே விரும்பினார்.

திருத்த வேண்டிய நிலையில்தான் அச்சட்டம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஏறத்தாழ இருநூறு. கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைக் களவாடியவனுக்குத் தூக்கு. குடியிருக்கும் வீட்டில் நாற்பது ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடியவனுக்கும் தூக்கு. விளைந்தது என்ன? நடுவர் குழுவினர் மனம் பொறாமல், கண்ணெதிரே இருக்கும் விலையுயர்ந்த பொருளையும் முப்பத்தொன்பது ஷில்லிங் என்றே மதிப்பிட்டுக் குற்றவாளியின் உயிரைக் காத்தனர். கொடுமையான சட்டம் அச்சத்தையும் ஊட்டவில்லை, நீதியையும் காக்கவில்லை, நல்லோரைப் பொய்யராக்கியதே அதன் பயன். பெந்தம் கூறியது இதற்கு நேர்விடை: தண்டனையும் ஒரு துன்பமே, ஆதலால் அதைவிடப் பெரிய துன்பத்தைத் தடுக்கும் அளவுக்கே அதனை வழங்கலாம். பழிவாங்கும் உணர்ச்சிக்கு அதில் இடமில்லை.

1789இல் வெளிவந்த அறநெறி, சட்டம் ஆகியவற்றின் அடிப்படைகள் பற்றிய நூலில், இன்பத்தை அளக்க ஏழு அளவுகளை அவர் தந்தார். எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் நிற்பது, எவ்வளவு உறுதியானது, எவ்வளவு அணித்தே உள்ளது, மேலும் இன்பத்தை ஈனுமா, துன்பம் கலவாததா, எத்தனை பேரைச் சாரும் என்பன அவை. இன்பத்தில் உயர்வு தாழ்வு என்று ஒன்று இல்லை. அளவு ஒத்தால் சிறுவர் ஆட்டமும் செய்யுளும் ஒன்றே என்பது அவர் துணிபு. துன்புறும் ஆற்றல் விலங்குக்கும் இருப்பதால் விலங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் அந்நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் வாதாடினார். பெரிய நூல்களில் அடிக்குறிப்பே நெடுங்காலம் வாழ்வதுண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இக்கணக்கை ஈவிரக்கமின்றிப் பின்பற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வில்லியம் காட்வின் 1793இல் காட்டினார். காம்ப்ரே நகரத்துப் பேராயர் பெனெலான் மக்கள் பலர்க்குப் பயன்பட்ட நூல்களை எழுதிய அறிஞர். அவர் மாளிகை தீப்பற்றி எரிகிறது. உள்ளே அவரும் ஒரு பணிப்பெண்ணும் அகப்பட்டுள்ளனர். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். பேராயரைக் காப்பதே அறம் என்றார் காட்வின். அப்பணிப்பெண் தன் தாயாகவோ மனைவியாகவோ இருந்தாலுமா? இருந்தாலும் அதுவே அறம் என்றார். படித்தோர் கொதித்தெழுந்தனர். பின்வந்த பதிப்புகளில் பணிப்பெண் ஆண் பணியாளாக மாறினார். தாயும் மனைவியும் தந்தையும் உடன்பிறந்தானுமாக மாறினர். ஆளை மாற்றினாரேயன்றிக் கணக்கை அவர் மாற்றவில்லை.

கணக்கின் இருமுகமும் ஆட்சியில் வெளிப்பட்டன. பெந்தமிடம் செயலாளராக இருந்த எட்வின் சாட்விக், 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தை உருவாக்கியோருள் ஒருவர். உதவி பெறும் ஏழையின் நிலை, உழைத்துண்ணும் மிக ஏழைத் தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஏழையர் விடுதிகளில் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்தனர். அதே சாட்விக்தான் 1842இல் தொழிலாளர் குடியிருப்புகளின் துப்புரவின்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டுக் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நல்ல குடிநீருக்கும் போராடினார். 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறக்க வழி கோலினார். ஒரே கொள்கை, ஒரே மனிதர். குடும்பத்தைப் பிரித்ததும் அதுவே. காலராவை எதிர்த்ததும் அதுவே.

கணக்குத் தவறிய இடம்

மீண்டும் நம் மாணவனிடம் வருவோம். பதினைந்தாம் வயதில், பெந்தத்தின் கருத்துகளைப் பிரெஞ்சு மொழியில் துய்மோன் தொகுத்த நூல் அவன் கைக்கு வந்தது. படித்து முடித்தபோது தனக்கு ஒரு சமயமே கிடைத்துவிட்டது போன்ற உணர்வு ஏற்பட்டதாகப் பிற்காலத் தன்வரலாற்றில் எழுதினார். 1823இல், பதினேழாம் வயது நிறைந்த மறுநாள், தந்தை பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்திலேயே எழுத்தர் பணி ஏற்றார். மாலைகளில் விவாதக் கூட்டங்கள், இதழ்களுக்குக் கட்டுரைகள், பெந்தத்தின் கையெழுத்துப்படிகளைப் பதிப்பிக்கும் வேலை. கொள்கைக்கு வாரிசு ஆயத்தமாகிவிட்டான் என்றே யாரும் கருதியிருப்பர்.

1826ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருக்கு வயது இருபது. தாம் நாடும் சீர்திருத்தங்கள் யாவும் இந்நொடியே நிறைவேறிவிட்டால் தாம் மகிழ்வோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று உள்ளம் கூறியது. மக்கள் அனைவருடைய இன்பத்தையும் கூட்டிப் பார்க்கக் கற்ற இளைஞர்க்குத் தம் இன்பம் எங்கே என்று தெரியவில்லை. அலுவலகத்துக்குச் சென்றார், எழுதினார், பேசினார். எல்லாம் பழக்கத்தால் நடந்தன. தந்தையிடம் கூற இயலவில்லை. கற்பித்தவரிடமே அக்கல்வி தோற்றது என்று எவ்வாறு சொல்வது?

மாதங்கள் சில கழிந்தபின், பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோந்தெலின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கையில் அவர் கண்ணீர் விட்டார். தந்தை இறந்ததும் சிறுவனாகிய தானே குடும்பத்துக்கு எல்லாமாக இருப்பதென ஒருவன் உறுதி பூணும் இடம் அது. அழ முடிந்ததே, தாம் கல்லோ மரமோ அல்லர் என்று ஆறுதல் கொண்டதாக அவரே எழுதினார். அவர் அழுத இடம் ஒரு தந்தை இறந்த இடம் என்பதைப் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியர் எவரும் கவனியாது விடமாட்டார். இன்னொன்றும் உண்டு. 1873இல், அவர் மறைந்த பின் வெளிவந்த அத்தன்வரலாற்றில் தந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் செய்தி உள்ளது. தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அச்சுக்குப் போகாத முன்வரைவிலோ, அன்புக்கு மாறாக அச்சமே நிறைந்த சூழலில் தாம் வளர்ந்ததாக அவர் குறித்திருந்தார்.

1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை அவர் பயின்றார். மலையும் ஏரியும் எளிய மனிதரும் வரும் அக்கவிதைகள் மருந்தாயின. சிறுவர் ஆட்டமும் செய்யுளும் அளவால் ஒன்றே என்ற பெந்தத்தின் துணிபு அங்கேதான் அவருள் உடைந்தது. இன்பத்தை நேரே குறிவைத்து ஓடுவோர்க்கு அது கிட்டுவதில்லை; வேறொன்றில் உள்ளம் தோய்ந்திருப்போர்க்கு அது வழியில் வந்து சேர்கிறது என்பதும் அவர் கண்ட பாடம்.

ஆயினும் அவர் கொள்கையை விட்டுவிடவில்லை. 1861இல் பிரேசர் இதழில் மூன்று பகுதிகளாக வெளிவந்து, 1863இல் நூலான பயன்வழிக் கொள்கை பற்றிய அவரது ஆய்வு, பெந்தத்தின் வீட்டை இடிக்காமல் அதன் தூண்களை மாற்றியது. இன்பங்களுள் அளவு மட்டுமன்றித் தரமும் உண்டு; இரண்டையும் நுகர்ந்தறிந்தவர் எதனை விடத் துணியாரோ அதுவே உயர்ந்தது என்றார். எதிர்வாதிகள் உடனே பிடித்துக்கொண்டனர்: தரம் என்று ஒன்றை ஏற்றால், இன்பம் அல்லாத வேறோர் அளவுகோலை ஏற்றதாகாதா? ஆகும் என்றே சொல்லத் தோன்றுகிறது. அளவை நூல் வல்ல மில் இவ்வளவு தெளிவான ஓட்டையை அறியாதிருந்திரார். அவ்வோட்டை வழியேதான் 1826இல் அவர் உயிர் பிழைத்தார்.

மற்றொரு திருத்தம் அதனினும் பெரிது. ஒவ்வொரு செயலின்போதும் உலகத்தின் இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழிக்க யாருக்கு நேரம் உண்டு? கடலோடி நடுக்கடலில் வானியல் கணக்குப் போடுவதில்லை. கரையிலேயே கணித்துத் தந்த அட்டவணையோடு புறப்படுகிறான். பொய் கூறாதே, வாக்கு மாறாதே என்பன மனித இனம் பன்னெடுங்காலம் கணித்து வைத்த அத்தகைய அட்டவணை என்றார் மில். பிற்காலத்தில் இக்கொள்கை இரு கிளையாகப் பிரிவதற்கு வித்து இதுவே. மில்லை விதி நோக்கில் படிக்க வேண்டும் என்று ஜே. ஓ. அர்ம்சன் 1953இல் எழுதினார். ஜே. ஜே. சி. ஸ்மார்ட் 1956இல் செயல் நோக்கே சரியென வாதிட்டார். 1959இல் ரிச்சர்டு பிராண்ட் அவ்விரு கிளைகளுக்கும் நிலைத்த பெயர்களைத் தந்தார்.

வேறுபாட்டை ஆசிரியர் மேசையிலேயே காணலாம். ஏழைத் தாய் ஒருத்தியின் மகன் அரசாங்கத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணால் தவறுகிறான். தாளைத் திருத்துபவர் அவ்விரண்டைக் கூட்டிப் போட்டால் அறிவார் யாருமில்லை. ஒரு குடும்பம் தலையெடுக்கும். தீங்கு எவர்க்கும் இல்லை. செயல் நோக்கினர் இதனை எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். கணக்கு அவ்வாறு வந்தால் மதிப்பெண்ணைப் போடச் சொல்லவும் வேண்டும். விதி நோக்கினர் கேள்வியை மாற்றுவர்: திருத்துவோர் எல்லாரும் தத்தம் இரக்கப்படி மதிப்பெண் போடலாம் என்பது விதியானால் விளைவு என்ன? சான்றிதழ் வெறுங்காகிதம் ஆகும். நேர்மையாகத் தேறிய ஏழைப் பிள்ளைக்கே முதல் அடி விழும். ஆகவே போடலாகாது. இதற்கு ஸ்மார்ட்டின் மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. விதியைக் காப்பது மக்கள் நலத்துக்காகத்தானே. இந்த ஓரிடத்தில் விதியை மீறுவதே நலம் என்று ஐயமறத் தெரிந்தபின்னும் விதியைக் கட்டிக்கொண்டு நிற்பது விதி வழிபாடு ஆகாதா என்று அவர் கேட்டார். ஐயமறத் தெரியும் இடம் எத்தனை என்பதுதான் சிக்கல். தாள் திருத்துபவர் கண்முன் இருப்பது ஒரு தாள். தேர்வு எழுதியவர் ஆயிரம் பேர்.

மற்றக் கிளைகளைச் சுருக்கமாகக் காண்போம். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹென்றி சிட்ஜ்விக், திருச்சபைக் கோட்பாடுகளை முழுமனத்துடன் ஏற்க முடியாமையால் 1869இல் தம் கல்லூரிப் பதவியைத் துறந்தவர். 1874இல் வெளிவந்த அவரது பெருநூல், தன்னலத்தை நாடுவதும் பொதுநலத்தை நாடுவதும் இரண்டுமே அறிவுக்குப் பொருந்தியனவாகத் தோன்றுவதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. ஜி. இ. மூர் 1903இல், இன்பம் மட்டுமன்றி அழகும் நட்பும் தம்மளவிலேயே நல்லன என்றார். கார்ல் பாப்பர் 1945இல், இன்பத்தைப் பெருக்குவதைவிடத் துன்பத்தைக் குறைப்பதே அரசின் முதற்கடன் என வற்புறுத்தினார். மக்கள் எதை விரும்புகின்றனரோ அவ்விருப்பம் நிறைவேறுவதையே கணக்கிட வேண்டும் என்போரும் உளர். கிழக்கு வங்கத்தில் 1971இல் மக்கள் பட்ட துயரைக் கண்டு பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய கட்டுரை, தொலைவில் இருப்பவன் என்பதற்காக ஒருவனுடைய பசியைக் குறைத்து எண்ணலாகாது என்றது. பெந்தம் கண்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

தொலைவில் இருப்பவன் என்றதும் மில்லின் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. 1858இல் கம்பெனி ஆட்சி முடிவுறும் வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அங்கே பணியாற்றினார். இந்தியாவுக்குச் செல்லும் ஆணைக் கடிதங்களை வரைவதே வேலை. தந்தையைப்போலவே அவரும் அந்நாட்டைக் கண்டதில்லை. மறு ஆண்டு வெளிவந்த அவரது சுதந்திரம் பற்றிய நூல், தனிமனிதன் உரிமைக்கு எழுந்த மிகச் சிறந்த வாதங்களுள் ஒன்று. ஆனால் அந்நூலின் தொடக்கத்திலேயே அவ்வுரிமைக்கு இரு விலக்குகள் எழுதப்பட்டுள்ளன. ஒன்று, பிள்ளைகள். மற்றொன்று, இன்னும் வளர்ச்சியடையாதவர் என அவர் கருதிய மக்களினங்கள். அவர்களை முன்னேற்றும் நோக்கமிருந்தால் எதேச்சாதிகாரமும் தகும் என்றார். எவர் பிள்ளைப்பருவம் எப்போது முடிந்தது என்பதை முடிவு செய்பவர் யார்? மேசையின் எதிர்ப்புறத்தில் இருப்பவரே. தாம் பிள்ளையாக இருந்தபோது பட்டதை அவர் இங்கு மறந்துவிட்டார்.

பெண்கள் திறத்தில் மறக்கவில்லை. 1865இல் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், 1867ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்ட முன்வடிவில் ஆண் என்ற சொல்லை நீக்கி ஆள் என்று திருத்த முன்மொழிந்தார். ஆதரவாக 73 வாக்குகள், எதிராக 196. ஒவ்வொருவரும் ஒன்று என்ற பெந்தத்தின் கணக்கை அவர் அவையில் அன்று அத்துணை நேராகப் படித்தார்.

இக்கொள்கையின் தடம் மலாயாவிலும் பதிந்துள்ளது. ஜேம்ஸ் மில்லின் அரசியல் கட்டுரையை 1829இல் கடுமையாகத் தாக்கிய மெக்காலே, 1834இல் இந்தியா சென்று, சட்ட ஆணையத்தின் தலைவராக 1837இல் தண்டனைச் சட்ட வரைவை ஆக்கியபோது பெந்தம் வகுத்த வழியிலேயே நடந்தார். சட்டம் முழுவதும் ஒரே நூலாக இருக்க வேண்டும், தெளிந்த மொழியில் எடுத்துக்காட்டுகளோடு இருக்க வேண்டும் என்பது அவ்வழி. அவ்வரைவு 1860இல் இந்தியச் சட்டமாயிற்று. அதனைத் தழுவி 1871இல் இயற்றிய சட்டம் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மோசடிக்காரனை நானூற்றிருபது என்று நம்மவர் ஏசுவது அச்சட்டத்தின் பிரிவு எண்ணைக் கொண்டே. இந்தியாவில் 2024 ஜூலைத் திங்களில் அச்சட்டத்தின் இடத்தை வேறொரு சட்டம் பெற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வேரிலிருந்து வந்த சட்டங்களே நடைபெறுகின்றன.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்கீழ் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நீராவிக் கப்பலின் தலைவன் ஒருவன், தன் பிழை ஏதுமின்றி, திடீரென ஒரு நெருக்கடியில் அகப்படுகிறான். கப்பலை நிறுத்துவதற்குள் இருபது முப்பது பேர் உள்ள படகின்மேல் அது மோதிவிடும். திசையை மாற்றினால் இருவர் மட்டும் உள்ள வேறொரு படகின்மேல் மோத நேரிடலாம். பலரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு, சிறு படகை மோதும் கருத்து இல்லாமல் அவன் திசையை மாற்றினால், இடர் அத்தகையதாயின் அவன் குற்றவாளி அல்லன் என்கிறது சட்டம். இருபது பெரிது, இரண்டு சிறிது என்ற பெந்தத்தின் எண் இங்கே உள்ளது. மோதும் கருத்து இருத்தலாகாது என்ற நிபந்தனையும் உள்ளது. சிறு படகு ஒருகால் தப்பிவிடவும் கூடும் என்ற வாய்ப்பையும் சட்டம் எழுதியவர்கள் சேர்த்தே எழுதியிருக்கின்றனர்.